தனி ஆளாகத் தொழில் நடத்துவோரின் தனிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒற்றை ஆள் லேத் பட்டறை, வீட்டுத் தையல், டிடிபி கடை, ஆன்லைன் விற்பனை, கணக்கு எழுதிக் கொடுப்பது, ஃப்ரீலான்ஸ் வடிவமைப்பு என்று தமிழ்நாட்டில் தனியே தொழில் செய்கிறவர்கள், வரியையும் கடனையும் பற்றிக் கேட்டு முடித்துவிட்டு எழுந்து போகும் நேரத்தில் கேட்கிற கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறோம்.

1. நாள் பூரா கஸ்டமர்கிட்ட பேசிட்டேதான் இருக்கேன். அப்புறம் ஏன் தனியா இருக்கிற மாதிரியே இருக்கு?

வாடிக்கையாளரிடம் பேசுவது விலை, தேதி, குறை, சமாதானம். "இந்த மாசம் வாடகைக்கே இழுக்குது" என்று அவரிடம் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த ஆர்டருக்கு அட்வான்ஸ் தரத் தயங்குவார். சப்ளையரிடம் சொன்னால் கடனுக்குச் சரக்கு வராது. வேலையாளிடம் சொன்னால் அவர் வேறு இடம் தேடுவார். இத்தனை பேரிடம் பேசியும் உள்ளதை உள்ளபடி யாரிடமும் சொல்லாமலே நாள் முடிகிறது.

ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை ஒன்று. தன்னைப் போன்றவர்களின் கூட்டம் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்று நிறைந்திருப்பதால் மற்றது தீராது. அன்பான குடும்பம் இருந்தும் தொழிலில் தனித்து நிற்பதாகத் தோன்றுவது இதனால்தான். தொழில் செய்கிறவருக்குப் பெரும்பாலும் குறைவது இரண்டாவது. தன்னிடம் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்ற நிலையில் இருக்கும் நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரை எப்படிச் சேர்ப்பது என்பதே கீழே பல பதில்களில் வருகிறது.

2. இது தனிமையா, வெறும் அசதியா, இல்ல டிப்ரஷனா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மூன்று கேள்விச் சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று? மற்றவர்களிடமிருந்து அறுந்து நிற்கிறோம் என்று? ஒவ்வொன்றுக்கும் அரிதாக என்றால் 1, சில நேரம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. மொத்தம் 3 முதல் 9 வரை வரும். 6-ம் அதற்கு மேலும் வந்தால் தனிமை என்று பல ஆய்வுகள் எடுத்துக்கொள்கின்றன. தாளில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். பிறகு ஒப்பிட உதவும்.

இரண்டு நாள் நன்றாகத் தூங்கி, ஒரு ஞாயிறு கடையை மூடினால் சரியாவது அசதி. தூங்கியும் அசதி போகவில்லையென்றால் தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இரண்டு வாரமாகப் பாதி நாட்களுக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, அல்லது மனம் கனத்தே கிடக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். அதை நண்பர்களைச் சேர்த்துச் சரிசெய்ய முயல வேண்டாம். 13-வது பதிலை முதலில் படியுங்கள்.

3. வேலைக்குப் போயிட்டிருந்தப்ப இப்படி இல்லையே?

வேலையிடத்தில் பழக்கம் தானாக வளர்கிறது. மதியச் சாப்பாடு, டீ, கம்பெனி பஸ் என்று திட்டமிடாமலே ஒரே ஆட்களோடு மணிக்கணக்கு ஏறிக்கொண்டே போகும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் ஓரளவு நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல்.

இதைத் தொழிலுக்குப் பொருத்திப் பாருங்கள். வாரம் ஒரு மணி நேரம் ஒருவரைச் சந்தித்தால் 50 மணி நேரம் சேர ஏறத்தாழ ஒரு வருடம். ஆகவே இரண்டு கூட்டத்துக்குப் போய்விட்டு "யாரும் ஒட்டலை" என்று விட்டுவிடுவது அவசரம். புதிய ஆட்களைத் தேடி அலைவதைவிட அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே பலன் தரும்.

4. சரி, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: யாரோடு பேசினேன், எத்தனை நிமிடம், அதில் பணமோ வேலையோ சம்பந்தப்பட்டதா. ஏழு நாள் முடிந்ததும் மூன்றாவது பத்தியில் "இல்லை" என்று விழுந்த நிமிடங்களைக் கூட்டுங்கள். வீட்டார் நீங்கலாக வாரத்துக்கு அரை மணி நேரம்கூட வராதவர்கள் நிறைய.

அடுத்த வாரம் தினமும் 20 நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம். டீக்கடை, பேக்கரி, பூங்கா, கோயில் வாசல், எதுவானாலும் சரி. கைப்பேசியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். டீ போடுகிறவரோடு இரண்டு வார்த்தை பேசுவதற்கும் பலன் உண்டு. காபிக் கடையில் விற்பவரோடு சிரித்துப் பேசியவர்களுக்கு, காசு கொடுத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தவர்களைவிட ஊரோடு ஒட்டிய உணர்வு அதிகமிருந்ததை ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் இருவரும் 2014-ல் காட்டினார்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து, உங்களைப் போலத் தொழில் செய்யும் ஒருவரோடு வாரம் ஒரு முறை அரை மணி நேரம் பேச்சு. கிழமையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மாதாந்திர ஜிஎஸ்டி கட்டுகிறவர்களுக்கு 11-ம் தேதியும் 20-ம் தேதியும் கெடு என்பதால், அதையொட்டி அழைப்பு விழுந்தால் நேரத்தை மாற்றுங்கள், வாரத்தைத் தவறவிடாதீர்கள். பெரும்பாலும் இது கெடுவது ஆர்டர் குவியும் நாட்களில்தான். அப்போது 20 நிமிடத்தை 5 ஆகக் குறைக்கலாம். ஒரு வாரம் முழுதாக விட்டவர் அடுத்த வாரம் தொடர்வது அரிது.

5. வாட்ஸ்அப்ல பத்துப் பன்னெண்டு குரூப்ல இருக்கேன். அது போதாதா?

தகவலுக்குப் போதும். துணைக்குப் போதாது. 200 பேர் இருக்கும் குழுவில் யாரும் தன் நஷ்டத்தைச் சொல்வதில்லை. புது மெஷின் படமும் பெரிய ஆர்டர் படமும்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு நாம் மட்டும் பின்தங்கியதாக நினைப்பது தனிமையை இன்னும் கூட்டும்.

குரல் வேறு விதம். பழைய நண்பரோடு போனில் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கும், பேசிய பிறகு எழுத்தில் தொடர்புகொண்டவர்களைவிட நெருக்கம் கூடியிருந்தது என்பது அமித் குமார், நிக்கோலஸ் எப்லி 2021-ல் கண்டது. குழுவில் நல்லவிதமாகப் பதில் போடும் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க சொன்ன அந்த பேக்கிங் சப்ளையர் எப்படி?" என்று ஒரு வேலைக் கேள்வியோடு தொடங்குங்கள். 4-வது பதிலில் சொன்ன வாராந்திரப் பேச்சுக்கான ஆள் பெரும்பாலும் இப்படித்தான் கிடைப்பார்.

6. வீட்லேர்ந்துதான் வேலை. கோ-வொர்க்கிங் போனா சரியாயிடுமா?

கோ-வொர்க்கிங் எனும் பகிர்ந்த பணியிடத்துக்குப் போய் நாற்காலியை மாற்றினால் மட்டும் ஆகாது. காதில் ஹெட்போன், வாரத்துக்கு ஒரு நாள், ஒவ்வொரு முறையும் வேறு மூலை என்றால் பத்து மாதமானாலும் யாரையும் தெரிந்திருக்காது. போவதானால் வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு நாள், அதே நேரம், அதே பகுதி மேசை. மதியச் சாப்பாட்டை அங்கேயே பொதுவிடத்தில் சாப்பிடுங்கள். பேச்சு அங்கேதான் தொடங்கும். மாதக் கட்டணம் கட்டுமுன் நாள் கட்டணத்தில் நான்கு முறை போய்ப் பாருங்கள்.

செலவு கட்டாதவர்களுக்கு நூலகம் இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம். சென்னை கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் குறைந்த கட்டணத்தில் பகிர்ந்த பணியிடமே உண்டு. நூலகத்தில் போன் பேச முடியாது என்பதால், வாடிக்கையாளர் அழைப்பு வரும் வேலையைக் காலையிலேயே வீட்டில் முடித்துவிட்டு, வரைவது, எழுதுவது, கணக்குப் பார்ப்பது போன்றவற்றை எடுத்துப் போங்கள்.

7. சங்கத்துல சேரலாம்னா, அங்க இருக்கிறவங்க எல்லாம் நம்ம போட்டிக்காரங்கதானே?

சில விஷயங்களில் போட்டி, பல விஷயங்களில் ஒரே படகு. மின்கட்டணம், மூலப்பொருள் விலை, ஆள் கிடைக்காதது, பேமெண்ட் இழுபறி என்று வரும்போது உங்கள் கஷ்டத்தை விளக்காமலே புரிந்துகொள்கிறவர் அதே தொழில்காரர்தான். கோவையில் 1969 முதல் இயங்கும் கொடிசியா, சிறு ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கான டாக்ட், சென்னை கிண்டியின் டான்ஸ்டியா, ஊர்தோறும் வணிகர் சங்கங்கள் என்று இடத்துக்குக் குறைவில்லை. வாடிக்கையாளர் பெயர், வாங்கும் விலை, விற்கும் விலை மூன்றையும் அங்கே பேச வேண்டாம். மற்ற எதையும் பேசலாம்.

பெரிய மகாநாட்டில் மாலை மரியாதை பார்த்துவிட்டு வருவதில் தனிமை குறையாது. சேர்ந்ததும் ஏதாவது ஒரு சிறு வேலையைக் கேட்டு வாங்குங்கள்: வருகைப் பதிவேடு, கண்காட்சி ஸ்டால் ஒதுக்கீடு, மே 5 வணிகர் தின ஏற்பாடு. வேலை இருந்தால் போய் நிற்கக் காரணம் இருக்கும், அதே ஐந்தாறு பேரைத் திரும்பப் பார்ப்பீர்கள். பிஎன்ஐ போன்ற வாராந்திரக் குழுக்களில் ஒரு தொழிலுக்கு ஒருவரைத்தான் சேர்ப்பார்கள், ஆகவே நேரடிப் போட்டி இல்லை. ஆனால் அங்கே ஆர்டர் பரிந்துரைப்பதே நோக்கம், கட்டணமும் உண்டு. வியாபாரம் பெருக அது உதவலாம். மனம்விட்டுப் பேசுவதற்கென்று அதில் சேர வேண்டாம்.

8. நாங்களே நாலைஞ்சு பேர் சேர்ந்து ஒரு வட்டம் ஆரம்பிச்சா எப்படி நடத்துறது?

எங்களைக் கேட்டால் தனித் தொழில்காரருக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் முறையில்லாமல் தொடங்கினால் மூன்றாவது கூட்டத்திலேயே நின்றுபோகும். ஆட்கள் ஐந்து அல்லது ஆறு. நாலுக்குக் குறைந்தால் ஒருவர் வராத நாளில் கூட்டமே இல்லை. ஏழைத் தாண்டினால் எல்லோருக்கும் பேச நேரம் போதாது. தொழில் வேறு வேறாக இருக்கட்டும், அளவு ஒத்திருக்கட்டும். இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுப்பவரும் இருநூறு பேருக்குக் கொடுப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் சின்னவர் வாய் திறக்க மாட்டார். ஒருவருக்கொருவர் சரக்கு விற்பவர்களைச் சேர்க்காதீர்கள்.

மாதம் இரண்டு முறை, 90 நிமிடம், நின்று பேசும் டீக்கடையில் இல்லாமல் உட்கார்ந்து பேசும் இடம். முதல் 15 நிமிடம் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்: போன கூட்டத்துக்குப் பிறகு நடந்த நல்லது ஒன்று, உறுத்துவது ஒன்று. பிறகு இரண்டு பேருக்கு மட்டும் தலா 30 நிமிடம். அதில் முதல் 10 நிமிடம் அவர் தன் சிக்கலைச் சொல்வார், அடுத்த 10 நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்பார்கள், கடைசி 10 நிமிடம்தான் ஆலோசனை. இந்த வரிசை முக்கியம். நம் ஊரில் ஒருவர் வாயைத் திறந்ததுமே நாலு பேர் வழி சொல்லத் தொடங்குவோம், சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திவிடுவார். மிச்சமுள்ள 15 நிமிடம் டீ. ஒருவர் கடிகாரம் பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பு சுற்றி வரட்டும்.

இப்படிப்பட்ட வட்டத்தை உடைப்பது பெரும்பாலும் பணம்தான். கைமாற்று, சீட்டு, ஜாமீன் கையெழுத்து மூன்றும் உறுப்பினர்களுக்குள் கூடாது என்று முதல் நாளே பேசி முடிவெடுங்கள். கடன் வாங்கியவர் ஒரு தவணை தவறினால் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துவார், அவரைப் பற்றிப் பேசாமல் இருக்க மற்றவர்களும் நிறுத்துவார்கள். இங்கே பேசியது வீட்டாரிடம்கூடப் போகக் கூடாது என்பதும் முதல் நாள் விதி. தொடர்ந்து மூன்று முறை சொல்லாமல் வராதவரிடம் ஒருவர் நேரில் போய்ப் பேசுங்கள். பல நேரம் அவர்தான் அதிகக் கஷ்டத்தில் இருப்பார்.

9. வீட்ல சொன்னா பயந்துடுவாங்கன்னு எதையும் சொல்றதில்ல. சரிதானா?

தினசரி ஏற்ற இறக்கத்தைச் சொல்லாமலிருப்பது சரி. நிலவரத்தையே மறைப்பது சரியில்லை. முகத்தைப் பார்த்து அவர்கள் ஏற்கெனவே பயந்துதான் இருப்பார்கள், என்ன என்று மட்டும் தெரியாது. மாதம் ஒரு முறை, இரவு பத்து மணிக்கு இல்லாமல் பகலில், நான்கு எண்களை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்: வர வேண்டியது, கொடுக்க வேண்டியது, கையில் இருப்பது, மாதக் கட்டாயச் செலவு. கூடவே அடுத்த மாதம் செய்யப் போவதையும் சொல்லுங்கள். வீட்டுப் பத்திரமோ நகையோ அடகில் இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் எல்லா வியாபார முடிவையும் மனைவியிடமோ கணவரிடமோ அலசித்தீர்ப்பது வேறு விதச் சுமை. அதற்குத்தான் 8-வது பதிலின் வட்டம்.

10. வீட்லயே தையல் வேலை பண்றேன். "வீட்லதானே இருக்கே"ன்னு எல்லா வேலையும் என் தலையில. வெளியே போகவே முடியல.

வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கு 4-வது பதிலின் 20 நிமிடத்தை எடுப்பதே போராட்டம். அதைத் தொழில் வேலையோடு கட்டினால் எடுப்பது எளிது. நூல், லைனிங், பட்டன் வாங்கும் பொறுப்பை வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். வாரம் ஒரு குறிப்பிட்ட கிழமை நீங்களே அதே கடைக்குப் போங்கள். வேலை நேரத்தை ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டுங்கள். வாடிக்கையாளருக்காக மாட்டிய அட்டையை வீட்டாரும் மதிக்கத் தொடங்குவார்கள்.

மகளிர் சுய உதவிக் குழு உங்கள் தெருவில் இருந்தால் சேருங்கள். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் தொடங்கியது முதல் அதை எல்லோரும் கடனுக்கான வழியாகவே பார்க்கிறார்கள். 12 முதல் 20 பேர் ஒழுங்காகக் கூடுவது என்பதே தனியாகத் தைப்பவருக்குப் பெரிய துணை. வெளியே போக வீட்டில் யாரும் மறுக்காத கூட்டமும் அதுதான். (8-வது பதிலில் பணம் கூடாது என்றது விதியும் கணக்கும் எழுதப்படாத வட்டத்துக்கு. சுய உதவிக் குழுவில் பதிவேடும் வங்கிக் கணக்கும் உண்டு.)

11. ஒரு ஆளை வேலைக்கு வெச்சா, இல்ல பார்ட்னர் சேர்த்தா தனிமை போயிடாதா?

வேலையாள் வந்தால் இடம் கலகலப்பாகும். ஆனால் 1-வது பதிலில் சொன்னபடி அவரிடமும் நீங்கள் பேச முடியாதவை உண்டு. மாதச் சம்பளம் என்ற கவலையும் கூடும். வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் மட்டுமே வையுங்கள்.

கூட்டாளி விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். 1932-ம் ஆண்டுக் கூட்டு வணிகச் சட்டப்படி நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுதாகப் பொறுப்பு. நிறுவனத்துக்காக அவர் வாங்கிய கடனை உங்களிடமிருந்தே வசூலிக்கலாம். பேச்சுத் துணைக்காக அந்தப் பொறுப்பை ஏற்பது அதிக விலை. விருப்பமிருந்தால் ஒரே ஒரு ஆர்டரைச் சேர்ந்து செய்து, லாபத்தைப் பிரித்து, கணக்கு முடித்துப் பாருங்கள். கணக்கு முடிக்கும் நாளில் அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும்.

12. பேமெண்ட் மாட்டிக்கிட்டா யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கல. போனையே எடுக்கறதில்ல.

கடன்காரருக்கு எடுக்காத போன் மெல்ல எல்லோருக்கும் எடுக்காத போனாகிவிடும். முதலில் கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலை எழுதி, ஒவ்வொருவரையும் நீங்களே கூப்பிட்டு ஒரு தேதி சொல்லுங்கள். முழுத் தொகை இல்லையென்றால் கால்வாசி எப்போது என்று சொல்லுங்கள். நீங்களே கூப்பிட்டால் அவரிடமிருந்து வரும் பத்து அழைப்புகள் நிற்கும்.

வர வேண்டியதற்குச் சட்டம் துணை நிற்கிறது. உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளரும் சேவைத் தொழிலும் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் பெற உரிமையுள்ளவர்கள். எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. சரக்கு அனுப்புமுன்பே பதிவு இருக்க வேண்டும். வாங்கி விற்கும் வணிகருக்கு இது பொருந்தாது. முறையிடும் வழியை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். மன வேதனை என்று தோன்றுவதில் பாதி, வசூல் சிக்கலாக இருப்பதுண்டு. அந்தப் பாதியை அதற்குரிய வழியில் தீருங்கள்.

13. சாயங்காலம் ஒரு கட்டிங் போட்டாத்தான் தூக்கம் வருது. சில நாள் செத்துடலாம்னுகூட தோணுது.

இரண்டாவதை முதலில் பேசுவோம். இந்த எண்ணம் வந்தால் இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416, இருபத்து நான்கு மணி நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை உண்டு. கடன் எவ்வளவு, கடை எங்கே என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை; என்ன தோன்றுகிறது என்பதைச் சொன்னால் போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாகப் போக முடியாவிட்டால் யாரையாவது கூட அழைத்துப் போங்கள். பூச்சிமருந்து, அமிலம், மாத்திரைக் குவியல் போன்றவை கடையிலோ பட்டறையிலோ இருந்தால் அவற்றை வேறொருவர் பொறுப்பில் விடுங்கள்.

மது தூக்கத்தைத் தொடங்கி வைக்கும், பின்னிரவில் கலைத்துவிடும். அந்த மூன்று மணி விழிப்பில்தான் கடனும் தனிமையும் பெரிதாகத் தெரியும். தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்புகூட வரலாம் என்பதால் மருத்துவரிடம் சொல்லிக் குறையுங்கள்.

14. பழைய ஃப்ரெண்ட்ஸை இத்தனை வருஷம் கழிச்சுக் கூப்பிட்டா கடன் கேட்கத்தான்னு நினைப்பாங்களோ?

அந்தச் சந்தேகம் வரும் என்று தெரிந்தால், தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: "ஒண்ணும் வேணாம்டா, சும்மா ஞாபகம் வந்துச்சு, அதான் கூப்பிட்டேன்." எதிர்பாராமல் விசாரிக்கப்பட்டவர்கள், விசாரித்தவர் நினைப்பதைவிட அதிகமாக மகிழ்கிறார்கள் என்று 2022-ல் பெக்கி லியூவும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு ஞாயிறு காலை தோதான நேரம். உங்களுக்கு ஞாயிறு வியாபாரம் என்றால் அவர் வேலைக்குப் போகும் பயண நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

15. பேசாம கடையை மூடிட்டு வேலைக்கே போயிடலாமா?

தொழில் லாபத்தில் ஓடி, தனிமை மட்டும் காரணமென்றால், 4-வது பதிலின் ஏற்பாட்டை ஆறு மாதம் விடாமல் செய்துவிட்டு, 2-வது பதிலின் மூன்று கேள்விகளுக்கு மறுபடி மதிப்பெண் போடுங்கள். இரண்டு எண்ணாவது குறைந்திருந்தால் தொடரலாம். தொழிலே நஷ்டத்தில் இருந்து அதனால் ஆட்களைத் தவிர்க்கிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது வேலைக்குப் போவது நல்ல முடிவாக இருக்கலாம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

நடுவழியும் உண்டு. வாரம் இரண்டு மூன்று நாள் ஒரு நிறுவனத்துக்கோ பாலிடெக்னிக்குக்கோ பகுதிநேரமாகப் போகலாம். ஆடிட்டர் அலுவலகங்கள், அச்சகங்கள், பயிற்சி மையங்கள் இப்படி ஆள் தேடுவதுண்டு. கடையை நிறுத்தி வைப்பதானால் ஜிஎஸ்டி பதிவை முறைப்படி ரத்து செய்யுங்கள், அல்லது விற்பனை இல்லாவிட்டாலும் "நில்" (பூஜ்ய) ரிட்டர்ன் போட்டுக்கொண்டே இருங்கள். போடாத ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும்.